தேநீர்க்கடையில் இரண்டு நிமிடம்

என் அன்பு ராசு அண்ணைக்கு,

கோபம் ஆறியிருந்தால் மட்டும் மேலே வாசியுங்கள். கோபிக்கத் தெரியாத மனிதர் நீங்கள், அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போய்ப் பதினேழு நாள். ஜெர்மனியில், ஹம் நகர அகதி முகாமின் பொது அறையில் ஞாயிறு மத்தியானம் இன்னும் படம் ஓடுகிறது. அதே கொலை, அதே கடத்தல், அதே மெட்ராஸ் பொலிஸ். ஆனால் உங்களைப் போல இடையில் கத்த ஆளில்லை: "அவனை விடுங்கோ, பின்னாலை நிக்கிறவனைப் பாருங்கோ!"

நாங்கள் கதாநாயகனைப் பார்ப்போம். நீங்கள் லொட்ஜ் மனேஜரைப் பார்ப்பீர்கள். "சாவியைக் குடுக்கேக்கை அவன்ரை கை கொஞ்சம் பிந்தினதைக் கண்டியளே? உள்ளுக்கை பிணம் கிடக்குதெண்டு அந்தக் கைதான் முதல் சொல்லுது." அடி வாங்கும் அடியாட்களுக்குக்கூட உங்களிடம் மரியாதை இருந்தது. "பத்துப்பேர் வடிவா விழாட்டி, அடிக்கிறவன் என்னத்துக்கு உதவும்?" சிரித்துவிட்டுப் போவோம். இந்த மனுசனுக்கு எங்கே இந்தப் பைத்தியம் பிடித்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

சில மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு அது தெரிந்துபோயிற்று. புது வீடியோக் கசெற் வந்திருந்தது. பொலிசுக்குத் துப்புக் கொடுத்தவன் தேநீர்க்கடையில் தனியே இருக்கிறான். கும்பல் சுற்றி நின்று "நீதானே?" என்கிறது. அவன் நடுங்கவில்லை, கும்பிடவில்லை. தேநீரில் படிந்த பாலாடையை ஒற்றை விரலால் ஒதுக்கி, கிளாஸ் விளிம்பில் துடைத்துவிட்டு, "நான் இல்லை" என்கிறான். இரண்டே நிமிடம். அந்தப் பெரிய மீசையை எடுத்துவிட்டால் அது நீங்கள்.

"ஐயோ, ராசு அண்ணை! இது நீங்களெல்லே!"

என் வாய் எப்போதும் எனக்கு முந்திவிடும். அறை முழுக்கத் திரும்பியது. யாருக்கோ கடிதம் வாசித்துக் காட்ட பான் நகரிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளரும் கதவடியில் நின்று திரும்பினார். அடுத்த கிழமை உங்கள் அகதி விசாரணையில் உங்களுக்காக ஜெர்மனில் பேசப்போகிறவர் அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வந்ததாக நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது. சென்னையில் இரண்டு வருடம் இருந்தது வெளியே வந்தால், அங்கேயே போ என்று அனுப்பிவிடுவார்கள் என நீங்கள் பயந்து கிடந்ததும் தெரியாது.

உங்கள் கையில் தேத்தண்ணிக் கோப்பை. "எனக்கு உந்த முகமோ? சும்மா இரு பிள்ளை. உவனுக்கு நடிக்கவே தெரியேல்லை, மரக்கட்டை மாதிரி இருக்கிறான்" என்றீர்கள். சொல்லிக்கொண்டே பாலாடையை விரலால் ஒதுக்கி, கோப்பை விளிம்பில் துடைத்தீர்கள்.

நான் கண்டேன். மொழிபெயர்ப்பாளரின் கண்ணும் அந்த விரலிலேயே நின்றது.

பிறகு குசினி அடுப்படியில், சென்னையில் சின்னச் சின்ன வேடங்களுக்கு அலைந்த கதை எல்லாவற்றையும் சொன்னீர்கள். "சீவியத்திலை ஒருக்காத்தான் வடிவாச் செய்தனான். அதையே மரக்கட்டை எண்டு சொல்ல வேண்டிக் கிடக்கு." விசாரணை முடியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிந்த பிறகும் தபால்காரரைக் கண்டால் ஓடிப்போய் உறையில் உங்கள் பெயரைத் தேடுவேன். மாதங்கள் போயின, பதில் வரவில்லை. வேலைக்குப் போகும் வழியில் ரயில் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். என் ஒரு கத்தல் அந்த நெஞ்சில் எவ்வளவு பாரத்தை ஏற்றியது, அண்ணை?

செத்தவீட்டுக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் வந்திருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அண்டைக்கு நீங்கள் கண்டனீங்களே?"

"ஓம் தங்கச்சி, அண்டைக்கே தெரிஞ்சுபோச்சு. வாய் சொல்லுறதை ஜெர்மனிலை சொல்லத்தான் என்னைக் கூப்பிடுறவை. விரல் சொன்னதை ஒருத்தரும் கேக்கேல்லை." கோப்பையைக் கீழே வைத்தார். "நல்லாச் செய்திருக்கிறியள் எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஆசையாக் கிடந்தது. சொன்னா மனுசன் பயந்துபோவார் எண்டு விட்டிட்டன்."

கசெற்றைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பெயர்ப் பட்டியலில் நீங்கள் இல்லை. உறையின் மேலும் கதாநாயகனின் பெயர் மட்டும்தான். அதன் கீழே உங்கள் முழுப்பெயரை எழுதப்போகிறேன். வருகிற ஞாயிறு மொழிபெயர்ப்பாளரையும் கூப்பிட்டு, தேநீர்க்கடை வந்ததும் படத்தை நிறுத்தி, முன்னையைவிடப் பலமாகக் கத்துவேன்: "இது எங்கடை ராசு அண்ணை!" இந்த முறை மறுக்காதீர்கள். இனி உங்களை யாராலும் திருப்பி அனுப்ப முடியாது.

வாய் அடங்காத உங்கள் தங்கச்சி,
வசந்தி