பக்கத்து வீட்டு வேன் டயர்

சின்னவன் அம்மாவுக்கு,

நம் வாசலை அடைத்து வேன் நிறுத்துகிற பக்கத்து வீட்டு ஜிம் மாஸ்டரிடம், “இங்க நின்ன வண்டி எதுவும் உருப்பட்டதில்ல தம்பி” என்று நேற்று ஒரு கதை விட்டேன். இன்று காலை அவன் டயரில் காற்று இல்லை. “பெருசு, சாயங்காலம் வீட்லயே இருங்க, பேசணும்” என்று மெதுவாகச் சொன்னான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பஞ்சர் கடைக்காரரைக் கூட்டிவரப் போகிறேன். ஆணி குத்தியதா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும். என் வாயை யார் நம்புவார்?

சின்னவன் வந்தால் எதுவும் சொல்லாதே. சட்டைக் கையை மடித்துக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவான். மாஸ்டரின் கை இவன் தொடை அளவு. சாப்பாடு போட்டு உட்கார வை. கதவைத் தாழிடு.

பி.கு.: டயரில் நான் கை வைக்கவில்லை. குடையால் புலியை விரட்டினேன் என்றதை நம்பியவள்தானே, இதையும் நம்பிவிடு.