பத்துக்கு ஒரு பெரிய மணி

1997 ஒக்ரோபர் 28, செவ்வாய்

மழை பிடித்துவிட்டது. அக்கராயனுக்கு வந்து பதினைந்து மாதம். முல்லைத்தீவிலிருந்து நான் தூக்கிவந்தவை இரண்டு: உடுப்புப் பெட்டி, என் கணவர் அல்பேர்ட் வாங்கித் தந்த நுணுக்குக்காட்டி. சட்டி பானையை விட்டுவிட்டு இதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கிழவியைப் பார்த்து லொறியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

எனக்கு வளவு மூலையில் ஒரு கொட்டில் தந்தவர்கள் ஆண்டியப்பனும் கமலேஸ்வரியும். எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்தில் அடிபட்டு வந்து, காடு வெட்டி ஒரு ஏக்கர் வயல் செய்தவர்கள். கமலேஸ்வரிக்கு ஐம்பது இருக்கும். தேத்தண்ணீருக்குக் கூப்பிடுவாள். நான் போவதில்லை. யார் வீட்டில் குடிப்பது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

மரித்தோர் தினம். அல்பேர்ட்டின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்த அங்கே ஆளில்லை. இங்கே ஒன்றை ஏற்றினேன். காற்றில் அணைந்தது. மிச்சத்தை எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்த வருடத்துக்கு.

செபமாலையையும் லொறியில் தொலைத்தவள் நான். விரல் மடித்துத்தான் எண்ணுகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

யூரியா இம்முறையும் இல்லை. வவுனியாவுக்கு இந்தப் பக்கம் ஒரு பை வர ஆமிக்காரர் விடுகிறார்களில்லை. ஆண்டியப்பன் சொன்னான்: "மண்ணு பசியில கெடக்கு டீச்சரம்மா. போன வருஷ நெல்லு ஆவணியோட முடிஞ்சிருச்சு."

காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைதரசன். பயிர் அதற்குள் நின்றுகொண்டே பட்டினி கிடக்கிறது. முப்பத்தொரு வருடம் வகுப்பில் சொன்னேன்: வயல் தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி, அனபீனா, அந்த நைதரசனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செத்து மக்கும்போது பயிருக்கு விடும். யூரியாவை மறிக்கலாம். காற்றை யார் மறிப்பது?

நவம்பர் 9, ஞாயிறு

வயலின் கீழ்த்துண்டில் பச்சைப் படலம்! ஒரு துளி எடுத்து, வெயில் ஏறியதும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். கோர்த்த மணி போல இழை.

அனபீனா செபமாலை மாதிரி என்று கொன்வென்ரில் சிஸ்டர் சொல்லித் தந்தா. பத்துச் சிறிய மணிக்கு ஒரு பெரிய மணி. அந்தப் பெரிய கலம்தான் நைதரசனைப் பிடிப்பது. ஒட்சிசன் பட்டால் அந்த வேலை கெடும். ஆகவே சுவரைத் தடிப்பாக்கித் தன்னை மூடிக்கொள்ளும். தன் உணவைத் தானே தயாரிப்பதையும் விட்டுவிடும். பக்கத்துக் கலங்கள் ஊட்டவேணும். பிறகு ஒருபோதும் பிரிந்து பெருகாது. பிள்ளை குட்டி இல்லை.

நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். உவமை தேடுகிறவள் அல்ல.

பத்து எண்ணினேன், பெரிய மணி வந்தது. மறுபடி பத்து. வந்தது.

கமலேஸ்வரி வாரியோடு வயலில் இறங்கினாள். "முடி மாதிரி வழுக்குதுங்க இது. தண்ணி வத்துனா பயிர் மேல படுத்துக்கும். இழுத்துப் போட்டுர்றேன்."

"தொடாதையும். நான் பார்த்திட்டன். வேணுமெண்டால் மேல்துண்டில கிடக்கிற அந்தக் கறுப்புச் சளியை அள்ளும்."

"டீச்சரம்மா சொன்னா சரிங்க."

நவம்பர் 17, திங்கள்

எட்டு நாளாக மழை இல்லை. தண்ணீர் இறங்குகிறது.

நவம்பர் 22, சனி

படலம் படுத்துவிட்டது. நனைந்த சாக்கு விரித்த மாதிரி. அடியில் பயிர் மஞ்சளாய் நசிந்து கிடக்கிறது. கீழ்த்துண்டு முழுக்க. அரை ஏக்கர்.

கமலேஸ்வரி வாரியை வரம்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். ஆண்டியப்பன்தான் சொன்னான்: "பாசி நல்லாப் படிச்சிருக்கு டீச்சரம்மா. பயிர்தான் பெயிலு."

கையில் எடுத்தேன். பட்டு நூல் போல நீண்டு வந்தது. அனபீனா இப்படி வராது. இது ஸ்பைரோகைரா. காற்றிலிருந்து ஒன்றையும் பிடிக்காது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட —

நவம்பர் 23, ஞாயிறு

திரும்பப் பார்த்தேன். கண்ணில் வெண்படலம் என்று போன வருடமே எனக்குத் தெரியும். ஒருவருக்கும் சொல்லவில்லை. இழை தெரிகிறது. பெரிய மணியைக் காணவில்லை. அன்றைக்கு எப்படித் தெரிந்தது?

வாய் எண்ணியது. அறுபது வருடமாகப் பின்னேரம் தோறும் எண்ணுகிற வாய். பத்து முடிந்தால் பெரிய மணி வரத்தானே வேணும்? வந்தது. கண்ணிலல்ல, விரலில்.

நவம்பர் 25, செவ்வாய்

சொல்லவேணும்.

நவம்பர் 28, வெள்ளி

சொல்லவில்லை. அவள் இப்போது தேத்தண்ணீருக்குக் கூப்பிடுவதில்லை.

டிசெம்பர் 1, திங்கள்

நாலு நாளாக ஒருவரோடும் கதைக்கவில்லை. தொண்டை இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, செபத்தை உரக்கச் சொன்னேன். வேலை செய்கிறது.

டிசெம்பர் 3, புதன்

போனேன். குசினி வாசலில் நின்றபடியே சொன்னேன். "எனக்குக் கண் வடிவாத் தெரியேல்லை, கமலேஸ்வரி. தெரிஞ்ச மாதிரிக் கதைச்சுப்போட்டன். உம்மட பயிர் என்னாலதான் போனது."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "தெரியலேன்னா என்னையக் கூப்பிட வேண்டியதுதானே? எனக்கு ரெண்டு கண்ணு சும்மாதானே கெடக்கு!" கோபம்தான். நியாயமான கோபம். விறகைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பினாள். "வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

மேல்துண்டு வரம்பு. நான் அள்ளச் சொன்ன கறுப்புச் சளியை அங்கேதான் குவித்திருந்தாள். மக்கிப்போய்க் கிடந்தது. அதை ஒட்டி நின்ற பயிர் மட்டும் கரும்பச்சை.

"ஒரு மொழத்துக்குத்தான் இந்த நெறம். ஏன்னு ஒங்ககிட்டக் கேக்க ரெண்டு தரம் வந்தேன். கதவைச் சாத்திக்கிட்டு இருந்தீங்க."

டிசெம்பர் 4, வியாழன்

வயலில் மிச்சமிருந்த சளியில் ஒரு துளி. இம்முறை நான் குனியவில்லை. நுணுக்குக்காட்டிக்கு முன்னால் கதிரையில் அவளை இருத்தினேன்.

"ஐயோ, மாலைங்க! கட்டின மாலை!"

"எண்ணும்."

"பதினொண்ணு, பன்னெண்டு... இந்தா, ஒண்ணு வெளுத்துப் பெருசா இருக்கு."

"பத்தாய்த்தான் இருக்கும். திரும்ப எண்ணும்."

"பன்னெண்டுங்க. அடுத்தது பதினாலு. பத்தே இல்லையே டீச்சரம்மா."

பத்தே இல்லை. ஆனால் அனபீனா இதுதான். சரியானதை அள்ளி எறியச் சொல்லி, பிழையானதைக் காவல் காத்திருக்கிறேன்.

டிசெம்பர் 8, திங்கள்

மேல்துண்டில் நெருங்கி நின்ற பயிரைப் பிடுங்கிக் கீழ்த்துண்டில் நட்டார்கள். சளியை வாளியில் சுமந்துபோய் ஊற்றியது நான். வரம்பில் சறுக்கி விழுந்தேன். ஆண்டியப்பன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

1998 பெப்ரவரி 12, வியாழன்

அறுத்தாயிற்று. கீழ்த்துண்டு பாதிதான். மேல்துண்டு பரவாயில்லை. ஐப்பசி வரைக்கும் சோறு போகும் என்கிறாள் கமலேஸ்வரி. போன முறையைவிட இரண்டு மாதம் கூட. பாசியைக் காயவைத்துச் சட்டியில் போட்டு, விதைநெல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மழை கண்டால் திரும்ப முளைக்கும்.

நுணுக்குக்காட்டி இப்போது அவர்களுடைய குசினி யன்னலடியில். என் கொட்டிலில் வெளிச்சம் போதாது.

இன்று பின்னேரம் அங்கேயே இருந்து விரல் மடித்துச் செபம் சொன்னேன். தேத்தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தவள் இடையில் கேட்டாள்: "டீச்சரம்மா, பன்னெண்டு ஆயிருச்சு. பெரிய மணி எங்க?"

பத்தில் நிறுத்தாமல் போயிருக்கிறேன். திரும்பத் தொடங்கவில்லை. அடுத்ததுக்குப் போனேன்.