சனிக்கிழமைச் சாமை

அத்திமரக்கொல்லை,
ஜமுனாமரத்தூர் வழி.
அக்டோபர் 22, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு, ரேணுகாதேவி வணக்கத்துடன் எழுதுவது. நானும் நிவேதாவும் நலம். உங்கள் நலமும், நீங்கள் ஓட்டும் போர்வெல் லாரியின் நலமும் அறிய ஆவல்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். இதையும் பாதியில் மடித்து வைக்கலாம், ஆனால் மீதி அங்கேயேதான் இருக்கும். ராய்ப்பூர் ஆபீஸ் விலாசத்துக்குப் போடுகிறேன். மேனேஜர் பிரகாஷ் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். முதலாளியிடம் சொன்னால் சொல்லட்டும். முதலாளி தன் மச்சானிடம் சொல்லட்டும். அந்த மச்சான்தானே நம் ஊராட்சித் தலைவர் விஜயராஜ். அவருக்கு நேரிலேயே எல்லாம் சொல்லிவிட்டேன், புதிதாக ஒன்றும் கிடைக்காது.

வீட்டுச் செய்தி முதலில். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது. மேற்குப் பக்கக் கூரை ஒழுகியது, நானே ஏறித் தார்ப்பாய் கட்டிவிட்டேன். சாமை இந்த வருஷம் நன்றாக வந்திருக்கிறது, போன வாரம் அறுத்தாயிற்று. அந்தக் கதிர்தான் இப்போது என் எதிரே ரோட்டில் கிடக்கிறது. நான் ஸ்கூல் வளைவில் புளியமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வளைவுக்கு இந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஈஸ்வரி உங்கள் சிவப்புத் துண்டை நீட்டிப் பிடித்து நிற்கிறாள். அவள் கை ஓய்ந்ததும் நான் போக வேண்டும். துண்டைக் கேட்காமல் எடுத்ததற்குக் கோபப்பட வேண்டாம். பெட்டியில் கிடந்ததைவிட இப்போது அதற்கு மரியாதை அதிகம்.

மெம்பர் பதவியை ராஜினாமா எழுதிக் கொடு, ஊரைப் பகைக்காதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்களே, அதற்குப் பதில் இந்தக் கடிதம். என்ன நடந்தது என்று உங்களுக்கு ஒரு பக்கத்துச் சேதிதான் வந்திருக்கிறது. என் பக்கத்தையும் கேளுங்கள்.

நீங்கள் சித்திரையில் போனபோது இருந்த ரோடு இல்லை இது. வைகாசியில் புதுத் தார் போட்டார்கள். பள்ளம் மேடு ஒன்றும் கிடையாது. முன்பெல்லாம் பள்ளத்துக்குப் பயந்து மெதுவாக வந்தவர்கள் இப்போது பறக்கிறார்கள். சனி, ஞாயிறு ஆனால் அருவி பார்க்க, காவலூர் டெலஸ்கோப்பில் நட்சத்திரம் பார்க்க என்று பைக்குகள் கூட்டம் கூட்டமாக ஏறி வருகின்றன. நம் வளைவில் ஒரு பக்கம் ஸ்கூல், மறுபக்கம் தண்ணீர்க் குழாய். வளைவு திரும்பும் வரை நாம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, திரும்பிய பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

ஆடி மாதம் அம்மாக்கண்ணு அக்காவைப் பைக் இடித்தது என்று சொன்னேன். இடுப்பெலும்பு உடைந்து வேலூரில் ஆபரேஷன் ஆனதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அன்று அக்கா தனியாக வரவில்லை. நம் நிவேதா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். ஏழு பைக் வரிசையாக வந்திருக்கின்றன. ஆறு போனதும் முடிந்தது என்று நினைத்து ரோட்டில் இறங்கியிருக்கிறார்கள். ஏழாவது வந்ததைப் பார்த்ததும் அக்கா பிள்ளையை ஓரத்துக் கால்வாயில் தள்ளிவிட்டாள். தான் நகர அவளுக்கு நேரம் இல்லை.

நிவேதாவுக்கு முழங்காலில் நான்கு தையல். விளையாடும்போது விழுந்தாள் என்று உங்களிடம் சொன்னேன். தூரத்தில் ஸ்டியரிங் பிடிப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று பயந்துதான் மறைத்தேன். தப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அக்கா கண் திறந்ததும் என்னிடம் கேட்டது, 'என் இடுப்பு போனா போவுது, கொயந்த காலு நல்லாக்கீதா' என்று. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் எப்படி மாமா சும்மா இருப்பேன்? நிவேதா அன்றிலிருந்து ரோட்டில் கால் வைப்பதில்லை. முள்ளும் புதருமாக இருக்கும் கொல்லை வழியாகச் சுற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போகிறாள். ஹாரன் கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறாள்.

வார்டு மெம்பர் என்று ஊர் எனக்கு ஓட்டுப் போட்டது கூட்டத்தில் டீ குடிக்க இல்லை. வளைவுக்கு இரண்டு பக்கமும் வேகத்தடை வேண்டும் என்று கேட்டேன். தலைவர் தீர்மானம் போட்டார், இல்லை என்று சொல்லவில்லை. ரோடு நம்முடையது அல்ல, ரோடு ஆபீஸ்தான் செய்ய வேண்டும் என்று அனுப்பிவிட்டார். ஒரு மாதம் கழித்து அங்கிருந்து அன்பரசன் என்ற இன்ஜினியர் வந்தார். வந்த நாள் செவ்வாய்க்கிழமை. ஒரு மணி நேரம் நின்று வண்டிகளை எண்ணினார். மொத்தம் பதினொன்று. அதில் ஒன்று அவர் வந்த ஜீப். இந்தப் போக்குவரத்துக்கு வேகத்தடை அவசியம் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். சனி, ஞாயிறு வாருங்கள் சார் என்றேன். சனி, ஞாயிறு ஆபீஸ் லீவு என்றார்.

சரி, நாமே எண்ணுவோம் என்று முடிவு செய்தோம். குழாயடியில் ஒரு சொம்பு வைத்தோம். பைக் போனால் ஒரு புளியங்கொட்டை, கார் போனால் ஒரு மொச்சைக்கொட்டை. காலையிலிருந்து பொழுது சாயும் வரை ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து போட்டோம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சொம்பு நிறைந்து குடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. காந்தி ஜெயந்தி கிராம சபையில் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மேஜைமேல் வைத்தேன். 'இன்னாம்மா ரேணுகா, கொட்ட எண்றதுக்கா கிராம சபை கூட்றோம்' என்று தலைவர் சிரித்தார். சபைக்கு வந்திருந்த இன்ஜினியர் சிரிக்கவில்லை. குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு சனிக்கிழமை வருகிறேன் என்று சபையிலேயே சொன்னார்.

சொன்னபடி 14ஆம் தேதி வந்தார். அங்கேதான் நாங்கள் ஒரு மடத்தனம் செய்தோம். படித்துவிட்டுச் சிரிக்காதீர்கள். முந்தின நாள் மேகம் கூடியிருந்தது. ஈஸ்வரியின் சாமைக்கட்டு நனைந்துவிடுமே என்று விடிந்ததும் அவசரமாக ரோட்டில் பரப்பினோம். வருஷா வருஷம் செய்வதுதானே, வண்டிச் சக்கரம் ஏறினால் மணி உதிர்ந்துவிடும், மாடு கட்டி மிதிக்கும் வேலை மிச்சம். நானும் கூட நின்று பரப்பினேன். ஒருத்திக்குக்கூட யோசனை வரவில்லை. இன்ஜினியர் இரண்டு மணி நேரம் நின்றார். நூற்றுக்கு மேல் வண்டி போனது. அத்தனையும் கதிரைக் கண்டதும் பிரேக் பிடித்து, புது மாப்பிள்ளை நடப்பதுபோல் மெதுவாகப் போயின. 'வாகனங்கள் மிதமான வேகத்தில் செல்கின்றன, வேகத்தடை தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜீப் மறைந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. 'அய்யோ, நம்ம தலையில நாமளே மண்ண வாரிப் போட்டுக்கினோமே' என்று ஈஸ்வரி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அந்தக் கதிரைப் பார்த்தேன். தீர்மானத்தால் முடியாததை, ஆபீஸால் முடியாததை அது காலையிலிருந்து சும்மா கிடந்தே செய்திருக்கிறது. சரி, வேகத்தடை வரும் வரை இனி எல்லாச் சனி, ஞாயிறும் இங்கே கதிர் கிடக்கும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். சாமை முடிந்தால் கேழ்வரகு, அது முடிந்தால் கொள்ளு. வீட்டுக்கு ஒரு முறை.

முதல் நாள் சாமைத் தாள் கனமாகக் கிடந்து ஒரு பையனின் பைக் வழுக்கிவிட்டது. அடி இல்லை, ஆனால் எனக்கு உயிரே போய்விட்டது. தண்ணீர் கொடுத்துத் திட்டியும் அனுப்பினேன். அதற்குப் பிறகு மெல்லிசாகத்தான் பரப்புகிறோம், இரண்டு பக்கமும் நூறு அடி முன்னால் ஆள் நிற்கிறோம். அதற்குத்தான் உங்கள் துண்டு.

இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. சாலையில் தானியம் போடுவது விபத்துக்கு வழி செய்யும் குற்றமாம். இனிச் செய்ய மாட்டோம் என்று மெம்பர் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் போலீஸாம். அக்கா விழுந்தபோது வராத நோட்டீஸ் சாமை விழுந்ததும் வந்துவிட்டது. நோட்டீஸைக் கொடுக்கத் தலைவரே வீட்டுக்கு வந்தார். 'உன் வூட்டுக்காரன் வேடியப்பன் எங்க மச்சான் வண்டியிலதான ஓட்றான், அது நெனப்புல இருக்கட்டும்மா' என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் நீங்கள் போன் செய்து அதே பேச்சைப் பேசினீர்கள். அவர் சொன்னது சுடவில்லை மாமா. உங்கள் வாயில் அது வந்தது சுட்டது.

எழுதிக் கொடுக்க மாட்டேன். ராஜினாமாவும் செய்ய மாட்டேன். வேகத்தடை போட்ட ஒரு மணி நேரத்தில் நானே கூட்டி அள்ளிவிடுகிறேன் என்றுதான் நோட்டீஸுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் வேலை போய்விடுமோ என்று நினைக்காமல் இல்லை. போனால் வீட்டுக்கு வாருங்கள். கொல்லை இருக்கிறது, புளி இருக்கிறது, நான் இருக்கிறேன். பிள்ளை போனால் எதை வைத்து ஈடுகட்டுவோம்?

ஈஸ்வரி கூப்பிடுகிறாள். துண்டு பிடிக்க என் முறை.

இப்படிக்கு,
நீங்கள் கோபித்தாலும் உங்கள் ரேணுகாதேவி.


அத்திமரக்கொல்லை,
நவம்பர் 6, திங்கள்.

அன்புள்ள மாமாவுக்கு, ரேணுகாதேவி வணக்கம்.

கடிதம் கிடைத்தது என்று போன் செய்தீர்கள். நிவேதாவின் முழங்காலில் தையல் தழும்பு ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்டீர்கள். ராஜினாமா பேச்சு எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அது எனக்குப் போதும்.

ஒன்றாம் தேதி கிராம சபையில் தலைவர் நோட்டீஸை வாசித்தார். நான் எழுந்து இன்ஜினியரிடம் ஒன்றுதான் கேட்டேன். இந்தச் சனிக்கிழமை ரோட்டைத் துடைத்து வைத்தாற்போல் கூட்டித் தருகிறோம். நீங்கள் ஓரத்தில் ஜீப் பக்கத்தில் நிற்க வேண்டாம், அம்மாக்கண்ணு அக்கா நின்ற இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள், பிறகு எதை எழுதினாலும் ஒத்துக்கொள்கிறேன் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்ன காகிதத்திலும் அன்றே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். இன்ஜினியர் சரி என்றார். தலைவருக்குச் சந்தோஷம்தான், நான் மாட்டிக்கொண்டேன் என்று.

நேற்று முன்தினம் விளக்குமாறுகளோடு போய்க் கூட்டினோம். ஒரு மணி தானியம் விடவில்லை. தலைவரோடு வந்த இன்ஜினியர் நோட்டும் கையுமாகக் குழாயடிக்கு நேரே நின்றார். அக்காவும் வந்திருந்தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலு கால் கம்பியை ஊன்றிக்கொண்டு. அன்றைக்கென்று எல்லோரும் ஒழுங்காக வந்துவிட்டால் என் பேச்சு என்ன ஆகும்? முதல் பத்து நிமிஷம் அப்படித்தான் ஆனது, இரண்டு கார், ஒரு ஷேர் ஜீப், எல்லாம் சாது. தலைவர் என்னைப் பார்த்துக் காகிதத்தை எடுத்தார்.

அப்போது வளைவில் ஐந்து பைக் வந்தன. சத்தம் கேட்டு இன்ஜினியர் தலை தூக்குவதற்குள் முதல் பைக் அவர் சட்டையை உரசுவதுபோல் போனது. மனிதர் குதித்தார். நிவேதா விழுந்த அதே கால்வாயில் போய் விழுந்தார். நோட்டுப் புத்தகம் ரோட்டில் கிடந்தது, மற்ற நாலு பைக்கும் அதன்மேல் ஏறிப் போயின. தலைவர் எங்கே என்று பார்த்தேன், புளியமரத்துக்குப் பின்னால் இருந்தார். கையில் காகிதம் இல்லை.

அக்காதான் கம்பியைத் தட்டித் தட்டிப் பக்கத்தில் போய், 'அடி கிடி பட்ச்சா சார்' என்று கேட்டாள். அவர் சேற்றோடு எழுந்து நின்று அவளைப் பார்த்தார், அந்தக் கம்பியைப் பார்த்தார். 'நீங்க நின்னது இங்கதானாம்மா' என்றார். டயர் தடம் பதிந்த அதே நோட்டில், ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, இரண்டு வேகத்தடையும் எச்சரிக்கைப் பலகையும் உடனடித் தேவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைவரும் கீழே கையெழுத்துப் போட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

வேலை ஆரம்பிக்க இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். ஆகட்டும். இன்ஜினியர் ஜீப் கிளம்பியதும் மறுபடி கதிரைப் பரப்பிவிட்டோம். அதைப் பார்த்துவிட்டுத்தான் தலைவர் போனார். அள்ளச் சொல்லவில்லை.

நிவேதா அன்று எங்களோடு வரமாட்டேன் என்று கொல்லையிலேயே நின்றுகொண்டிருந்தாள். இன்ஜினியர் விழுந்ததைப் பார்த்ததும் அங்கிருந்து ஓடி வந்தாள். பெரிய ஆபீசருக்கும் பயம் இருக்கிறதா அம்மா என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையிலிருந்த உங்கள் துண்டை வாங்கி, என் பக்கத்தில் ரோட்டோரத்திலேயே நின்றாள். ஹாரன் அடித்தது. காதைப் பொத்தவில்லை, துண்டை இன்னும் உயரத் தூக்கினாள். இன்று காலை ரோட்டு வழியாகவே ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள்.

உங்கள் முதலாளி என்ன சொல்வாரோ தெரியாது. எதற்கும் துணிந்துதான் இருக்கிறேன்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது மாமா. நீங்களும் ராத்திரி பகல் பாராமல் அத்தனை பெரிய லாரியை ஊர் ஊராக ஓட்டிப் போகிறீர்கள். அந்த ஊர்ப் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது, அங்கே இருப்பவர்களின் பாஷையும் தெரியாது. ஆனால் எந்த வளைவிலாவது ஒருத்தி சொம்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் போடும் கொட்டையில் ஒன்று நீங்கள். அவளை என்னை நினைப்பதுபோல் நினைத்துக் காலை பிரேக்கில் வையுங்கள். தை பிறப்பதற்குள் ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள். வளைவில் துண்டோடு நிற்பது உங்கள் மகளாகத்தான் இருக்கும், மெதுவாக வாருங்கள்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்,
ரேணுகாதேவி.