மைக் செட்காரரைத் தலைவராக்கிய ஐந்து தலைவர்கள்

அனுப்புநர்:
மைக் செட் கடைக்காரரின் மனைவி,
பேருந்து நிலையத்தின் பின்புறம்.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: எதிர்க்கட்சிக் கூட்டணித் தலைவர் என்று பிடித்து வைக்கப்பட்டுள்ள என் கணவர் எந்தக் கூட்டணிக்கும் தலைவர் அல்லர் என்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் மைக் செட் வாடகைக்கு விடுபவர். வீட்டில் டிவி ரிமோட்கூட அவர் கையில் இருந்ததில்லை.

2. ஆட்சியை மாற்றப்போவதாகச் சொல்லி ஐந்து கட்சிகள் ஒன்றுசேர்ந்து ஞாயிறன்று கூட்டம் போட்டன. அனுமதி விண்ணப்பத்தில் அமைப்பாளர் என்று ஒருவர்தான் கையெழுத்திட வேண்டும் என்பது தங்கள் அலுவலக விதி. யார் போட்டாலும் அவர் கூட்டணிக்கே தலைவராகிவிடுவார் என்று மற்ற நால்வரும் விடவில்லை. எங்கள் கடையில் உட்கார்ந்து, நான் போட்டுக் கொடுத்த டீயைத் திரும்பத் திரும்பக் குடித்தும் ஐந்து பெரிய மனிதர்களும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கடைசியில், "அண்ணே, நீங்க எந்தக் கட்சியும் இல்ல, பொதுவான ஆளு. சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று பேனாவை இவர் கையில் திணித்தார்கள். முடியாது என்று சொல்லத் தெரியாத மனிதர், போட்டுத் தொலைத்தார்.

3. மேடையில் யார் முதலில் பேசுவது என்பதில் தள்ளுமுள்ளு ஆனது. நாட்டை மீட்க வந்தவர்களுக்கு ஒரு மைக்கைப் பங்கிட்டுக்கொள்ளத் துப்பில்லை. நாற்காலிகள் பறந்ததில் எதிரே இருந்த மருந்துக்கடையின் கண்ணாடி உடைந்தது. போலீஸ் வந்தபோது தலைவர்கள் காரில் ஏறிவிட்டார்கள். ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த என் கணவர்தான் அகப்பட்டார்.

4. நேற்று ஆய்வாளர் ஒரு வாக்குமூலத்தைக் காட்டினார். நடந்த அனைத்துக்கும் அமைப்பாளராகிய இவரே பொறுப்பு என்று ஐந்து பேரும் ஒரே தாளில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்ற சண்டையே வரவில்லையாம். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் இதுதான். எனக்கு அருவருப்பாக இருந்தது.

5. அவர் சர்க்கரை நோயாளி. மாத்திரையை நான்தான் கொண்டுவந்து கொடுக்கிறேன். தொண்டர் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. இரவெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

6. ஆகவே, தாங்கள் நேரில் விசாரித்து என் கணவரை விடுவிக்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன். இல்லை, அவர்தான் தலைவர் என்று தாங்களும் முடிவு செய்தால், தலைவருக்குரிய அதிகாரத்தையும் அவருக்கே கொடுங்கள். கூட்டணியைக் கலைத்துவிட்டதாக இன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்.

இடம்: காவல் நிலைய வாசல்
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மைக் செட்காரரின் மனைவி