பட்ஜெட்டுக்கு இரண்டு சைக்கிள்

அன்புள்ள என் பெண்டாட்டிக்கு,

முகத்துக்கு நேரே சொன்னால் சிரிப்பாய். அதனால் எழுதுகிறேன்.

"ஹார்ட்டெயில் சைக்கிள் போதும்லா, முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன். பிரேக்க நல்லதா பாரு." உன் ஆபீஸ் யுகேந்திரன் சொன்னதாக நீ சொல்ல, இதையே வாரம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் கேட்டுவிட்டேன். நீ மலை சைக்கிள் வாங்கியதும் சீட் உயரத்தையும் அவரே வந்து சரிசெய்வாராம்.

எனக்குப் பொறாமையெல்லாம் இல்லை.

நேற்று சுபாங் ஜெயா கடைக்குப் போனேன். அவர் சொன்னதைப் புதிதாக வாங்கினால் நம் பட்ஜெட்டுக்கு ஒன்றுதான் வரும். பழையது என்றால் இரண்டு. பிரேக்கைப் பிடித்துப் பார்த்து இரண்டாகவே வாங்கிவிட்டேன். உன் சீட்டையும் நானே சரிசெய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆபீஸ் சைக்கிள் கூட்டத்தோடு அம்பாங் காட்டுக்கு நானும் வருகிறேன். அதற்குள் எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடு.

யுகேந்திரனிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன் வீட்டுக்காரன்