அவரைக்குச் சோப்பு

தர்மபுரி,
பார்த்திப வருஷம் ஆடி 5ந் தேதி (20-7-1945)

சிரஞ்சீவி சென்னப்பனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் எருமையும் சுகம், என் வலது முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீ பம்பாயில் சுகமாயிருப்பதாகக் காகிதத்தின் மேல் பாதியில் எழுதியிருந்தாய், கீழ்ப் பாதியில் சுகமில்லை என்றும் எழுதியிருந்தாய், நான் கீழ்ப் பாதியைத்தான் நம்பினேன். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, மானேஜர் எல்லார் முன்னாலும் பேப்பரை முகத்தில் வீசினார், ஆவணி முதல் தேதி ராஜினாமா கொடுத்துவிட்டு ரயிலேறப் போகிறேன் என்கிற வரிகளையெல்லாம் தாண்டிவிட்டு, அந்த இடத்தில் பம்பாயில் மழை என்று நானாகச் சேர்த்துப் படித்தேன். மழை கொஞ்சம் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது. அவள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, ஏங்க, புள்ள எழுதினது அரைக் காயிதம், நீங்க படிக்கப் படிக்க மழை வுடவே மாட்டேங்குதுங்களே என்றாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, ஆனால் அன்றைக்கு எனக்குக் குழம்பில் உப்பும் போடவில்லை. உன் தங்கை பாஞ்சாலி பாப்பிரெட்டிப்பட்டியில் மாமியார் வீட்டில் சௌக்கியம், இது ஆறாம் மாதம், மாங்காய் கேட்டு ஆள் விட்டிருந்தாள், கொடுத்தனுப்பினோம்.

என் ஆபீஸ் பிழைப்பு உனக்குத் தெரியாததா, கல்யாணச் சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் பர்மிட் கேட்டு வருகிறவர்களின் மனுவை வாங்குகிற நாற்காலியில் என்னை உட்கார வைத்ததிலிருந்து ஊரில் எந்தப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்பது அந்தப் பெண்ணுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. போன மாதம் நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகள் கல்யாணம் என்று மனுக் கொடுத்தார், அவருக்கு மகளே கெடையாதுங்க சாமி என்று பின்னால் நின்ற ஆள் போட்டுக்கொடுத்தான், விசாரித்தால் சொன்னவன் அவருடைய சொந்த மச்சான், அவனுக்கும் சர்க்கரை வேண்டுமாம். இப்போது இதைச் சிரித்துக்கொண்டு எழுதுகிறேன், போன வருஷம் இதே ஆடியில் நான் இருந்த இருப்பை உனக்கு எழுதவில்லை. மனுக் கொடுக்கிறவர்கள் வீடு வரைக்கும் பின்னாலேயே வருவார்கள், மேலே இருக்கிற அதிகாரி என் மேல் விழுவார், நான் வீட்டுக்கு வந்து உன் அம்மா மேல் விழுவேன். ஒரு நாள் சாயங்காலம் மோரில் பெருங்காயம் இல்லை என்று டம்ளரை வீசினேன், அது கொல்லையில் கட்டியிருந்த எருமையின் நெற்றியில் பட்டது, எருமை இரண்டு நாள் பால் கறக்கவில்லை. உன் அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை, மண்வெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டு, ஊரான் மேல வர்ற கோவத்த வூட்டுக்குள்ள கொண்டாராதீங்க, கொல்லையில மண்ணு கெடக்குது, போய் அத வெட்டுங்க, அது எதுத்துப் பேசாதுங்க என்றாள்.

ரோஷத்தில் வெட்டினேன், ஒரு பாய் அகலம் வெட்டுவதற்குள் உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம், மறுநாள் பேனா பிடிக்க முடியாமல் மனுக்களை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே ஒரு சந்தோஷம். ஆனால் அன்றைக்குப் படுத்தவன் பொழுது விடிந்துதான் கண் திறந்தேன் சென்னப்பா, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. அப்புறம் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கொல்லைக்குப் போவதே வழக்கமாகிவிட்டது. கோரைக்கு ஒவ்வொன்றாக மனுதாரர் பெயர் வைத்துப் பிடுங்குவேன், அதிகாரிக்கு மட்டும் அருகம்புல், எத்தனை பிடுங்கினாலும் அடுத்த வாரம் அதே இடத்தில் நிற்கும். கத்தரி இரண்டு, மிளகாய் நாலு, வேலியோரம் அவரை. முதல் மாதம் நான் போட்ட கொத்தமல்லியை நானே களை என்று பிடுங்கிவிட்டேன், இதை ஊரில் சொல்லாதே.

இனிமேல் வருவது ஊருக்கே தெரியும், உனக்குத்தான் சொல்லவில்லை. கார்த்திகையில் அவரை பூத்தது, மார்கழியில் நுனியெல்லாம் கறுப்பாகச் செடிப்பேன் அப்பிக்கொண்டது, பூ கொட்ட ஆரம்பித்தது, எனக்கு ஆபீஸில் கூட கை ஓடவில்லை. பின் வேலிக்கு அந்தப் பக்கம் சாலம்மாள் வீடு, அவர்கள் வீட்டில் பேச்செல்லாம் கன்னடம். அவள் எட்டிப் பார்த்து, சொப்பு ஹாக்கி சாமி, சொப்பு என்றாள். ஹாக்கி என்றால் போடுங்கள், அதுவரைக்கும் எனக்குத் தெரியும். நான் ராசிபுரத்திலிருந்து மாற்றலாகி இந்த ஊருக்கு வந்த நாலு வருஷமாக எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொண்டு திரிகிறவன், திருப்பிக் கேட்டால் மானம் போய்விடுமே, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன். யுத்தத்தில் சோப்புக் கிடைக்காத காலம், உன் அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த அரைப் பாளம் சோப்பை எடுத்துச் செம்புத் தண்ணீரில் கரைத்து, பழைய புடவைத் துண்டில் நனைத்து, அவரைக் கொடியை இலை இலையாகத் துடைத்தேன். மூன்று சாயங்காலம் ஆயிற்று. முதுகு விட்டுப்போயிற்று, ஆனால் அந்த மூன்று சாயங்காலமும் சர்க்கரை என்கிற வார்த்தையே எனக்கு ஞாபகம் வரவில்லை. மூன்றாம் நாள் சாலம்மாள் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருவே கூடிவிட்டது. கன்னடத்தில் சொப்பு என்றால் தழையாம், வேப்பந்தழையை இடித்து ஊற்றச் சொன்னாளாம். நம்ம குமாஸ்தா சாமி அவரைக்குத் தலைக்கு ஊத்தறாருங்கோ என்று ஒருத்தி கூவினாள், உன் அம்மா என்ன சோப்பு அது என்று கேட்டாள், அதன் பிறகு நடந்தது குடும்ப விஷயம்.

ஆனால் பேன் செத்துப்போயிற்று! ஒன்று விடாமல் செத்துக் கொட்டியது. தை முழுவதும் காய், தெருவில் சோப்புக்காகச் சிரித்தவர்கள் எல்லாரும் மடியில் வாங்கிப் போனார்கள், உன் அம்மா கூட நாலாவது குழம்புக்குப் பிறகு சோப்பை மன்னித்தாள். அதற்கு அடுத்த வாரம் ஆபீஸுக்கு இரண்டு விவசாயிகள் வந்து, சாமி, அவரைக்குச் சோப்பு வேணும், அதுக்கும் பர்மிட்டு குடுக்கறீங்களாமே என்று நின்றார்கள். அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார், எனக்கு உயிர் போய்விட்டது. அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்றைக்கு மட்டும்தான், மறுநாள் பழையபடி அருகம்புல்.

உன் மானேஜர் பேப்பர் வீசுவதை நிறுத்துவார் என்று நான் சொல்லவரவில்லை, வீசுகிறவர்கள் வீசத்தான் செய்வார்கள், நானே டம்ளர் வீசினவன். உனக்கும் ஆபீஸுக்கும் நடுவில் எதுவும் இல்லாமல் இருக்கிறாய், அதுதான் எனக்குக் கவலை. இதோடு ஒரு பொட்டலத்தில் அவரை விதை ஆறு வைத்திருக்கிறேன். உன் அறைக்கு வெளியே நடைப்பக்கம் கம்பி இருப்பதாக எழுதியிருந்தாயே, காலி மண்ணெண்ணெய் டின் ஒன்று வாங்கி அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் கொஞ்சம் சாணியும் நிரப்பி, விரல் கணு ஆழத்தில் ஊன்றி, கம்பிக்குக் கயிறு கட்டிவிடு. ஆபீஸ் விட்டு வந்ததும் முதல் வேலை அதற்குத் தண்ணீர், அதன் முன்னால் நின்று மானேஜரைத் தமிழில் திட்டலாம், செடிக்கும் நல்லது, மானேஜருக்கும் புரியாது. பேன் விழுந்தால் என்ன செய்வது என்று உனக்குத் தெரியும். முதல் பூ பூக்கிற வரைக்கும் ராஜினாமாவைக் கொடுக்காதே, அதற்குப் பிறகும் இந்த வேலை வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே கொடுத்துவிட்டு வா, ஏன் என்று நானும் கேட்கமாட்டேன், உன் அம்மாவையும் கேட்க விடமாட்டேன். முதலில் கீரை விதைதான் எடுத்தேன், இருபது நாளில் கீரையும் பறித்து ராஜினாமாவும் கொடுத்துவிடுவாய் என்று அவரையாக மாற்றிவிட்டேன். ஆடியில் ஊன்றினால் கார்த்திகைக்கு மேல்தான் பூக்கும். அப்பன் குமாஸ்தா என்பதை மறக்காதே, எதையும் தள்ளிப்போடத் தெரியும்.

வாரம் ஒரு தரம் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள் உன் அம்மா. குலதெய்வம் உன் கூடவே நிற்கட்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுக் கண் நிறையத் தூங்கி, நீண்ட ஆயுளோடும் சிரிப்போடும் இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதம். மறக்காமல் செய்யவேண்டியது ஒன்று, விதையைக் கொட்டிக்கொண்ட பிறகு அந்தப் பொட்டலக் காகிதத்தை எறிந்துவிடாதே, பிரித்துப் பார். காகிதத்துக்குப் பஞ்சமாயிருக்கிறதே என்று மாசியில் விதை மடிக்கத் தேடினபோது என் பழைய கோட்டுப் பையில் கிடைத்தது. போன வருஷம் ஆடி மாதத் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, நாளைக்குக் கொடுக்கலாம் என்று நான் வைத்திருந்த ராஜினாமா. கொடுக்க மறந்தே போனேன்.

இப்படிக்கு,
ஊராருக்குச் சோப்புக் குமாஸ்தா,
உனக்கு அப்பா,
பச்சியப்பன்