ராஜினாமா ஏற்கப்படவில்லை

கோலசிலாங்கூர்
12.8.1952

அன்புள்ள அப்பாவுக்கு, காப்ரியல் வணக்கம். நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

தோட்டத்துச் சங்கத்தில் இளைஞர்களுக்கும் இடம் கேட்டேன். "எண்ணெய்க் கைப் பய, பெரியவங்களுக்குப் புத்தி சொல்றியா?" என்று தலைவர் ரெங்கசாமி என்னை வெளியே அனுப்பினார்.

கலகக்காரர்களால் இங்கே இப்போது அவசரகாலம். வெளிச்சமில்லாமல் கூட்டம் கூடக் கூடாதென்பது போலீஸ் உத்தரவு. போன மாதம் சங்க மண்டபத்து விளக்குகளுக்குக் கரண்ட் தரும் இன்ஜின் நின்றது. தோட்டத்தில் மெக்கானிக் நான் ஒருவன்தான்; ரெங்கசாமியே என்னைத் தேடி வந்தார்.

"கொஞ்சம் பாரு லா, தம்பி."

"கமிட்டியில பாதி நாற்காலி எங்களுக்கு. அப்புறம்தான் ஸ்பானர்."

கொடுத்தார்கள்; இன்ஜினை ஓடவைத்தேன். இப்போது நான் செயலாளர். ரெங்கசாமி ராஜினாமா நீட்டினார், நான் வாங்கவில்லை. வாராவாரம் என் பக்கத்தில் உட்கார்ந்து, இருபது வயசுப் பையன்கள் பேசுவதை அவர் கேட்டே தீரவேண்டும்.

அம்மாவை நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பச் சொல்லுங்கள். தனியாகச் சாப்பிடச் சோறு இறங்கவில்லை. ரெங்கசாமிக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்க மாட்டேன்.

ஊரடங்குச் சங்கு ஊதுகிறது.

காப்ரியல்